முகத்தைக் கடைசியாகப் பாருங்கள்

எங்கள் பட்டறைக்கு வேலை பழக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, படத்தில் இருக்கும் ஆளின் முகத்தைக் கடைசியாகப் பாருங்கள் என்பதுதான். உடனே யாரும் கேட்பதில்லை. கண் முகத்தைத்தான் தேடிப் போகும், அது இயல்பு. ஆனால் பதினேழாம் நூற்றாண்டுச் செப்புத்தகட்டு அச்சுப்படங்களைக் கையில் எடுத்துச் சுத்தம் செய்து, படம் பிடித்து, அட்டையில் பொருத்திக் கொடுப்பதே பிழைப்பாகிவிட்டவருக்கு, முகத்திலேயே நின்றுவிட்டால் படத்தில் பாதி கைவிட்டுப் போகிறது என்பது சீக்கிரமே புரிந்துவிடும். அதிலும் போர்வீரர் படம் என்றால் பாதிக்கும் மேலே.

பட்டறை பாரிஸில், சின்ன இடம். வியாபாரிகளும் சேகரிப்பாளர்களும் கொண்டுவந்து கொடுப்பதைத் தூசி நீக்குவோம், பழைய பசையை ஈரம் காட்டி மெல்லப் பிரிப்போம், கிழிசலுக்குப் பின்பக்கம் மெல்லிய ஜப்பானியத் தாளை ஒட்டுவோம், கடைசியில் கேமராவை மேலே பொருத்தி இரண்டு பக்கமும் ஒளி சமமாக விழவைத்துப் படமெடுப்போம். வருகிற முகப்படங்களில் மன்னர்கள், மதகுருக்கள், நீதிபதிகள் எல்லாரும் உண்டு என்றாலும், தளபதிகளுக்குக் குறைவே இருக்காது. அந்த நூற்றாண்டு ஐரோப்பாவில் போரிலேயே கழிந்த நூற்றாண்டு. ஓவியர் வான் டைக் 1630-களில் ஆண்ட்வெர்ப்பில் தொடங்கிய முகப்பட வரிசையில் ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃபும் இருக்கிறார், அவருக்கு எதிர்ப்படையில் நின்ற டில்லியும் வாலன்ஸ்டைனும் இருக்கிறார்கள். களத்தில் எதிரெதிரே நின்றவர்கள், விற்பனைக்கு வந்தபோது ஒரே கட்டில் வந்திருக்கிறார்கள். வாங்குகிறவருக்கு இரண்டு தரப்பும் வேண்டியிருந்தது.

நான் அதிகம் பழகிய படத்தை எடுத்துக்கொள்கிறேன். ரொபேர் நாந்தேய் 1665-இல் செதுக்கிய, பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் துரெனின் படம். நாந்தேய் ரைம்ஸ் ஊர்க்காரர். 1658-இலேயே பதினான்காம் லூயியின் அரசச் செதுக்கர் ஆகிவிட்டார். துரென் 1611-இல் செடானில் பிறந்தவர், 1643-இல் மார்ஷல், 1660-இல் மற்ற மார்ஷல்களுக்கெல்லாம் மேலான மார்ஷல் ஜெனரல். படத்தின் ஆண்டை நான் யாருக்கும் ஒருமுறை சுட்டிக்காட்டாமல் விடுவதில்லை. ஸ்பெயினோடு நடந்த நீண்ட போர் 1659-இல் பிரனீஸ் உடன்படிக்கையோடு முடிந்துவிட்டது. அவர் தலைமையேற்ற அடுத்த பெரிய போர் 1667-இல்தான். ஆக, ஐம்பதைத் தாண்டிய ஒரு தளபதி, சண்டை இல்லாத காலத்தில், இரும்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார். முழுக்கவசம் களத்தில் வழக்கொழிந்துகொண்டிருந்த காலமும்கூட. துப்பாக்கிக் குண்டுக்கு முன்னால் அது பெரிதாக உதவவில்லை, சுமையோ அதிகம். ஓவியத்தில் மட்டும் அது நிலைத்தது, ஏனென்றால் பார்த்த மாத்திரத்தில் இன்னார் என்று சொல்ல அதைவிட நல்ல அடையாளம் இல்லை. இவ்வளவு முக்கியமான கவசத்தைச் செதுக்குகிறவர் எப்படிக் கையாண்டிருக்கிறார் என்று பார்க்காமல் முகத்துக்கு ஓடுவது சரியில்லை.

பத்து மடங்கு லென்ஸை எடுத்துத் தோள்தகட்டின் மேல் வையுங்கள். நிழல் பக்கத்தில் கோடு தடிப்பாகப் புறப்படுகிறது. தோளின் உருண்டையோடு சேர்ந்து வளைந்தபடி வருகிறது, ஒளி விழும் இடத்தை நெருங்க நெருங்க மெலிகிறது, மயிரிழையாகிறது, அப்படியே நின்றுவிடுகிறது. அதற்கப்பால் கொஞ்ச தூரம் வெறும் தாள். பிறகு மறுபக்கத்திலிருந்து வேறொரு கோடு மயிரிழையாகப் பிறந்து தடித்துப் போகிறது. எஃகின் பளபளப்பு என்று தூரத்திலிருந்து நாம் பார்ப்பது அந்த வெறும் தாளைத்தான். அங்கே உளி படவே இல்லை. அப்புறம் நிழலின் கடைசி விளிம்பைப் பாருங்கள், அங்கே இன்னொரு மெல்லிய வெளிறல் இருக்கும். பக்கத்துப் பொருளில் பட்டுத் திரும்பிய ஒளி இரும்பில் ஏறுகிற இடம். துணியில் இது இருக்காது, தோலில் மிகக் கொஞ்சம். இந்த ஒரு விளிம்பை விட்டுவிட்டால் கவசம் பட்டுத்துணியாகிவிடும். நல்ல செதுக்கருக்கும் சுமாரான செதுக்கருக்கும் உள்ள வித்தியாசத்தை நான் முதலில் தேடுவது இங்கேதான்.

எங்களோடு கொஞ்ச காலம் வேலை பழகிய யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இது போட்டோ இல்லையோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. லென்ஸைக் கையில் கொடுத்ததும் சத்தமே இல்லை, ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். பிறகு, "இதில சாம்பல் நிறமே இல்லையே" என்றார். அதைத்தான் நான் சொல்லித்தர நினைத்திருந்தேன், அவரே கண்டுபிடித்துவிட்டார். கறுப்பு மை இருக்கிறது, தாள் இருக்கிறது, நடுவில் ஒன்றும் கிடையாது. கன்னத்தின் மென்மை, கழுத்து லேஸின் வெண்மை, இரும்பின் கனம் எல்லாமே கோடு எவ்வளவு தடிப்பு, எவ்வளவு நெருக்கம், எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில் அடங்கிவிடுகிறது.

எப்படிச் செய்தார்கள் என்றும் கேட்டார். பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அங்கே உலோகத்தைக் குத்திப் புள்ளி வைக்கிறார்கள், இங்கே உலோகத்தைச் சீவி எடுக்கிறார்கள் என்று சொன்னேன். உளியின் முனை சாய்சதுர வெட்டு உள்ளது. பிடியை உள்ளங்கையில் அடக்கி முன்னால் தள்ள வேண்டும். ஆழமாகத் தள்ளினால் வாய் அகலமாகத் திறந்து கோடு தடிக்கும், மேலே எழுப்பினால் மெலியும். வளைகோட்டுக்குக் கையைத் திருப்புவதில்லை, மணல் நிரப்பிய தோல் திண்டின் மேல் தகட்டை வைத்து, அந்தத் தகட்டைத்தான் திருப்புவார்கள். தோள்தகட்டின் ஒரு வளைவுக்காகச் செம்பு முழுவதும் அந்த உளிக்கு எதிரே சுழன்றிருக்கிறது. பிறகு மையைத் தேய்த்துப் பள்ளத்தில் ஏற்றி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைக்கு நடுவே அழுத்தத்தில் விட்டால், தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். அதனால் கோடுகள் தாளின் மேல் லேசாகப் புடைத்திருக்கும். ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கவசத்தின் கறுப்பில் அந்தப் புடைப்பு தெரியும்.

கவசத்திலிருந்து முகத்துக்கு வரும்போது நாந்தேய் நீண்ட கோட்டைக் கைவிட்டுவிடுகிறார். சின்னச் சின்ன வெட்டுகள், அவற்றுக்கு நடுவே புள்ளிகள், நெற்றியிலும் கன்னத்திலும் ஒளி கூடக்கூட வெறும் புள்ளிகள் மட்டும். தலைமுடிக்கு மறுபடியும் நீண்ட கோடு, ஆனால் இரும்பின் கோடு மாதிரி இல்லை. ஒரு சுருளுக்குள் எல்லாக் கோடும் ஒன்றாகத் திரும்பும், அடுத்த சுருள் வேறு பக்கம் திரும்பும். பின்புலத்தில் அசையாத நேர்கோடுகளின் பின்னல். இந்த நான்கும் பக்கத்துப் பக்கத்தில் வரும்போதுதான் படம் நிற்கிறது. பின்னல் அசையாததால் முடி அசைகிறது, கவசத்தின் கோடு நீளமாக ஓடுவதால் கன்னம் மென்மையாகத் தெரிகிறது. போர்வீரர் என்பதைக் கவசம் சொல்லிவிடுவதால் முகத்தை முறைக்கவைக்க வேண்டிய தேவை நாந்தேய்க்கு இல்லை. துரென் களைத்தவராக, யோசிக்கிறவராக இருக்கலாம், இருக்கிறார்.

எல்லாரும் இப்படி முகத்துக்கு ஒரு கை, இரும்புக்கு ஒரு கை என்று பிரித்துக்கொள்ளவில்லை. கிளோத் மெலான் குறுக்குக்கோடே போடாமல், ஒரே திசையில் ஓடும் கோடுகளைத் தடிக்கவைத்தும் மெலியவைத்தும் முகம் முழுவதையும் முடிப்பார். 1649-இல் அவர் செய்த இயேசுவின் முகம் மூக்கு நுனியில் தொடங்கும் ஒரே சுருள்கோடு. அதன் முன்னால் வாயடைத்துப் போகிறேன். ஆனால் ஒரு தளபதியின் முகத்துக்கு எது வேண்டும் என்று கேட்டால் நாந்தேய் பக்கம்தான் நிற்பேன். மெலானில் கோடு தன்னைக் கவனிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, நாந்தேயில் அது ஆளிடம் விட்டுவிட்டு ஒதுங்குகிறது.

அந்துவான் மாசோன் வேறு வழியில் வந்தவர். ஓர்லெயான் பக்கத்து ஊர்க்காரர். முதலில் ஆயுதங்களிலும் கவசங்களிலும் அலங்காரம் செதுக்குகிற தொழிலில் இருந்துவிட்டுப் பிறகு தாளுக்கு வந்தார். உண்மையான இரும்பைக் கையால் வெட்டியவர், பிறகு இரும்பைக் கோட்டால் காட்டுகிற வேலைக்கு வருகிறார் என்பதை நினைத்தாலே எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். திறமையைக் காட்டவே கோட்டை வளைக்கிறார் என்று அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. சில இடங்களில் அது சரிதான். 1667 என்ற ஆண்டோடு வந்த ஆர்கூர் பிரபுவின் படம் அவருடைய பெயரை நிலைநிறுத்தியது. காதில் ஒரு முத்து அணிந்திருப்பதால் 'முத்துப் போட்ட இளையவர்' என்றே அந்தப் படத்துக்குப் பெயர். ஆர்கூர் 1640-இல் கசாலே கோட்டையை முற்றுகையிலிருந்து மீட்டார், அதே ஆண்டு டியூரினைப் பிடித்தார். பெரிய வீரர். ஆனால் ஆள் குட்டை, பருமனும்கூட. 1650-இல் இளவரசர் கோந்தே கைதியாகி இவருடைய காவலில் லு ஆவ்ருக்குக் கொண்டுபோகப்பட்டபோது, அந்த உடலைக் கேலி செய்தே பாட்டுக் கட்டினார்.

கட்டமைப்பு என்றால் என்ன என்று பழகுகிறவர்கள் கேட்கும்போது நான் இந்தப் படத்தைக் காட்டுவது அதனால்தான். இடுப்புக்கு மேலே வெட்டிவிட்டால் உயரம் என்ற கேள்வியே எழாது. குட்டையான உடலின் பருமன், சட்டத்துக்குள் வந்ததும் கனமாகிவிடுகிறது. தோள் இரண்டு ஓரத்தையும் நோக்கி விரிய, தலை மேலே ஒரு முடிச்சாக உட்கார, படம் கீழிருந்து எழும் முக்கோணம் ஆகிறது. இந்த வகைப் படங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. உடல் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியிருக்கும், கண் அதை விட்டு நம் பக்கம் வந்திருக்கும். நேரே நிமிர்ந்து நிற்கும் ஆளைவிட, இப்போதுதான் யாரோ கூப்பிட்டுத் திரும்பியது போன்ற ஆளில் உயிர் கூடுதலாக இருக்கிறது. கழுத்தில் விழும் வெள்ளை லேஸும் அழகுக்கு மட்டும் வைத்தது இல்லை. இருண்ட இரும்புக்கும் முகத்துக்கும் நடுவே அது ஒரு வெளிச்சப் படி. அதை விரலால் மறைத்துப் பாருங்கள், தலை கவசத்துக்குள் இறங்கிவிடும்.

எங்களுக்கு வேலை சம்பந்தமான ஒரு பார்வைப் பழக்கமும் உண்டு. போர்வீரர் படம் வந்தால் வாள் எந்த இடுப்பில் என்று பார்ப்போம். தகட்டில் செதுக்குவது தாளில் இடம் வலமாக மாறி விழும். ஓவியத்தைப் பார்த்துச் செதுக்குகிறவர் முன்கூட்டியே திருப்பி வரைந்துகொண்டால் சரியாக வரும். அந்தச் சிரமத்தைத் தவிர்த்திருந்தால் வாள் வலது இடுப்பில் தொங்கும், தளபதியின் கோல் இடது கைக்குப் போகும், ஒளியும் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். நகலுக்கு நகல் எடுத்தவர்கள் பலர் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. மார்பளவுப் படத்தில் வாள் தெரியாது, கோட்டின் தரத்தையும் தாளையும் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். வான் டைக் வரிசையில் கைகளும் தெரிவதால் சுலபம். கை தெரிவது வேறு வகையிலும் நல்லது, ஏனென்றால் வான் டைக்குக் கை இன்னொரு முகம்.

உடலின் கட்டமைப்பு எவ்வளவு தன்னந்தனியாக நிற்கும் என்பதற்கு லண்டனில் வேலை செய்த பியேர் லொம்பாரின் தகட்டைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். வான் டைக் 1633-இல் வரைந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் குதிரைப் படத்தை அடியொற்றி அவர் ஒரு குதிரைவீரரைச் செதுக்கினார். அந்தத் தகட்டிலிருந்து க்ராம்வெல்லின் தலையோடு அச்சுகள் இருக்கின்றன, சார்லஸின் தலையோடும் இருக்கின்றன, தலையே இல்லாத அச்சும் இருக்கிறது. மன்னரின் தலையை வெட்டிய தரப்பின் தலைவருக்கும் அந்த மன்னருக்கும் ஒரே குதிரை, ஒரே கவசம். செம்பில் தலை இருந்த இடத்தைச் சுரண்டி, பின்பக்கம் தட்டி மட்டமாக்கி, வேறு தலையைச் செதுக்கினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே பொருந்திவிடும். அதிகாரம் என்பது அந்த உடலிலும் குதிரையிலும் முன்பே செதுக்கி முடித்தாகிவிட்டது.

சரி, இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன் என்றால், கோடுதான் எல்லாம் என்பது என் வேலையில் தினமும் ஒரு தகராறாக வந்து நிற்கிறது. தாளில் நெருக்கமாக ஓடும் கோடுகள் கேமராவின் புள்ளிக் கட்டத்தோடு மோதும்போது படத்தில் இல்லாத அலைகள் தோன்றும். மொய்ரே என்கிறோம். பெரிய அளவில் எடுத்த கோப்பில் அது இருக்காது, திரைக்காகச் சுருக்கும்போது வந்துவிடும், அதுவும் பின்புலத்தின் பின்னலிலும் கவசத்தின் நிழலிலும்தான் முதலில் வரும். அதைப் போக்கச் சுலபமான வழி, சுருக்குவதற்கு முன் படத்தை மழுக்கிவிடுவது. அலை போய்விடும். கூடவே கோடும் போய்விடும். அப்போது உண்மையிலேயே சாம்பல் நிறம் வந்துவிடுகிறது, துரென் மங்கலான பழைய புகைப்படம் ஆகிவிடுகிறார். முகம் ஓரளவு தாங்கும், புள்ளிகள் கலந்து தோல் மாதிரியே தெரியும். எஃகு மட்டும் செத்துவிடும்.

ஒரு வாடிக்கையாளர் இப்படி மழுக்கித்தான் வேண்டும் என்றார். முகம் நன்றாகத் தெரிகிறதே, வேறென்ன என்பது அவர் வாதம். அவர் விற்கிறவர், சின்னப் படத்தில் முகம் எடுப்பாக இருந்தால் போதும். நான் விட்டுக்கொடுக்கவில்லை. கோட்டை அழித்த படத்தை அவர் கையில் கொடுத்தால், நானூறு ஆண்டுக்கு அருகில் வந்துவிட்ட ஒரு தொழிலை அழித்துக் கொடுப்பது போலத்தான் எனக்குப் பட்டது. கடைசியில் முழுப்படத்தைப் படிப்படியாகச் சுருக்கி, ஒவ்வொரு படியிலும் அலை எழுகிறதா என்று பார்த்துப் பார்த்து, அதோடு கூட முழு அளவில் ஒரு துண்டையும் வெட்டிச் சேர்த்தோம். எந்த இடத்தை வெட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் பேச்சு நீண்டது. கண் என்றார் ஒருவர். நான் தோளைச் சொன்னேன்: முடியின் கடைசிச் சுருள், லேஸின் ஓரம், தோள்தகட்டின் ஒளி மூன்றும் தொட்டுக்கொள்ளும் இடம். மூன்று வகைக் கோடு ஒரு கட்டைவிரல் நகத்தின் அகலத்தில். அந்தத் துண்டுதான் போனது. அதன் பிறகு வேறு படங்களுக்கும் அதேபோல் துண்டு கேட்டு அனுப்பினார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வாங்க நினைப்பவர்களுக்கு உதவும். செம்பு மெத்தென்ற உலோகம். ஒவ்வொரு முறை மை துடைக்கும்போதும் அழுத்தும்போதும் தேய்கிறது. ஆழமான கோடு தாங்கும், ஆழமில்லாதது சீக்கிரம் போகும். போர்வீரர் படத்தில் ஆழமான கோடுகள் கவசத்தின் நிழலில் இருக்கின்றன, மெல்லிய வெட்டும் புள்ளியும் முகத்தில் இருக்கின்றன. அதனால் தகடு தேயும்போது முகம்தான் முதலில் போகிறது. பிந்திய அச்சுகளில் இரும்பு இன்னும் திடமாக நிற்க, நெற்றி வெறும் வெள்ளையாகி, கன்னத்தின் உருண்டை தட்டையாகியிருக்கும். சில நேரம் வேறொரு கை அந்தத் தகட்டில் முகத்தைத் திரும்ப வெட்டியிருக்கும், அப்போது புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் முரட்டுக் கோடு ஓடும்.

இப்படிப்பட்ட அச்சைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும், கொஞ்சம் சுத்தம் செய்தால் முகம் தெளிந்துவிடும் என்று நம்பி வருகிறார்கள். கழுவலாம், தாளின் மஞ்சள் குறையும், பழுப்புப் புள்ளிகள் மங்கும். தகட்டிலேயே இல்லாத கோட்டைத் தாளில் கொண்டுவர முடியாது, கொண்டுவருவதாகச் சொல்கிறவர்கள் பென்சிலால் வரைகிறார்கள். நான் அறிக்கையில் எழுதுவது சுருக்கமாகத்தான் இருக்கும்: பிந்திய அச்சு, கவசத்தில் கோடு நன்று, முகத்தில் தேய்வு, தாள் உறுதி. விலையை அதை வைத்து அவர்கள் பேசிக்கொள்ளட்டும். வாங்குங்கள் என்றே பல சமயம் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் அந்தத் தோள்தகட்டின் வளைவு ஒன்றுக்காகவே அந்தத் தாளைச் சுவரில் மாட்டலாம்.